ஸ்போர்ட் குவாட் சஸ்பென்ஷன்: கம்பெனி ஷாக்கை ரீபில்டு செய்வதா, வெளியில் புதிது வாங்குவதா?

ஒருவர் மட்டும் உட்கார்ந்து, கைப்பிடி பிடித்து, மணலிலும் மண்பாதையிலும் வேகமாக ஓட்டுவதற்கென்றே கட்டப்பட்ட நான்கு சக்கர வண்டிதான் ஸ்போர்ட் குவாட். அமெரிக்காவில் இன்று கைமாறும் ஸ்போர்ட் குவாட்களில் பெரும்பாலானவை பழையவை. 2004-இல் யமஹா ஒய்எஃப்இசட்450-உம் ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர்-உம் வந்தன. 2006-இல் சுசுகி எல்டி-ஆர்450, 2008-இல் கவாசாகி கேஎஃப்எக்ஸ்450ஆர் என 450 சிசி வகுப்பே களைகட்டியது. பிறகு ஒவ்வொரு கம்பெனியாகக் கடையைச் சாத்தின. ஹோண்டா 2014 மாடலோடு நிறுத்திக்கொண்டது. ஜப்பானியக் கம்பெனிகளில் யமஹா மட்டும் பழைய ஒய்எஃப்இசட்450-க்குப் பின் வந்த ஒய்எஃப்இசட்450ஆர்-ஐ விடாமல் விற்றுக்கொண்டிருக்கிறது.

ஆக, புதிதாக இந்தப் பக்கம் வருபவர் கையில் கிடைப்பது பத்துப் பதினைந்து வயதான வண்டி. பழைய உரிமையாளர் எஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றியிருப்பார், சைலன்ஸரை மாற்றியிருப்பார், ஸ்டிக்கர்கூட ஒட்டியிருப்பார். சக்கரம் வாங்கும் அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக்குக்குள்ளும் ஆயில் இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. வண்டியை வாங்கியவர் ஓட்டிப் பார்க்கிறார். மேடுபள்ளத்தில் பின்பக்கம் உதைக்கிறது, தாவி இறங்கினால் அடிச்சட்டம் தரையில் மோதுகிறது. "கம்பெனி ஷாக் தேறாது, வேறு வாங்கிப் போடு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் ஓட்டிப் பார்த்தது வண்டியோடு வந்து தேய்ந்துபோன கம்பெனி ஷாக்கை. அதை, வேறு கம்பெனி செய்து தனியாக விற்கும் புத்தம் புது ஆஃப்டர்மார்க்கெட் ஷாக்கோடு ஒப்பிட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும்? அந்தக் கம்பெனி ஷாக்கையே புது ஆயில், ஆயில் கசியாமல் தடுக்கும் புது சீல், ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு நிறுத்தி, அதாவது ரீபில்டு செய்து, அதன் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது பலருக்குப் பெரிய செலவே தேவைப்படாது என்பதுதான் என் கட்சி. தேவைப்படுபவர்களும் உண்டு, அவர்கள் யார் என்பதையும் சொல்கிறேன்.

ஷாக்குக்குள் என்ன நடக்கிறது

வெளியே தெரியும் சுருள் ஸ்பிரிங் எடையைத் தாங்கும். அழுத்தினால் திருப்பித் தள்ளும். அதன் வேலை அவ்வளவே. அதைத் தனியாக விட்டால் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிய பிறகு நெடுநேரம் குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதிப்பை அடக்குவது உள்ளே இருக்கும் ஆயில். ஷாக்கின் தண்டு முனையில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் துளைகள், துளைகளை மூடியபடி 0.1 முதல் 0.3 மி.மீ. தடிமன் உள்ள வட்டமான எஃகுத் தகடுகள். இவற்றை ஷிம் என்பார்கள். தண்டு நகரும்போது ஆயில் இந்தத் தகடுகளை வளைத்துக்கொண்டுதான் மறுபக்கம் போயாக வேண்டும். தகடுகள் எத்தனை, எவ்வளவு தடிமன், எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஷாக்கின் குணம் அமைகிறது.

ஷாக் உள்ளே அழுந்துவது கம்ப்ரெஷன், திரும்பி நீள்வது ரீபவுண்டு. நல்ல ஷாக்குகளில் இரண்டையும் வெளியிலிருந்து ஒரு திருகைத் திருப்பிக் கூட்டிக் குறைக்கலாம். ஒவ்வொரு படிக்கும் 'டிக்' என்று சத்தம் வருவதால் அதற்குக் கிளிக்கர் என்று பெயர். சில ஷாக்குகளில் 'ஹை ஸ்பீடு', 'லோ ஸ்பீடு' என்று இரண்டு கம்ப்ரெஷன் திருகுகள் இருக்கும். புதியவர்கள் எல்லோரும் இடறுகிற இடம் இது. இங்கே ஸ்பீடு என்பது தண்டு நகரும் வேகத்தைக் குறிக்கிறது. வண்டி ஓடும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெதுவாகப் போகும்போதும் கூர்மையான கல்லில் ஏறினால் தண்டு பாய்ந்து நகரும். அது ஹை ஸ்பீடு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் சாய்ந்தாலும் தண்டு மெல்லத்தான் அழுந்தும். அது லோ ஸ்பீடு.

ஷாக்கின் மேலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சிறிய உருளையில் அழுத்தமான நைட்ரஜன் வாயு இருக்கும். ஆயிலையும் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டனோ ரப்பர் பையோ பிரித்து வைக்கும். வாயுவின் அழுத்தம் இருக்கும்வரை ஆயிலில் குமிழி உண்டாகாது. வாயு கசிந்துவிட்டால், வேகமாக நகரும் பிஸ்டனுக்குப் பின்னால் ஆயில் நுரைக்கும். நுரையால் தகடுகளை வளைக்க முடியாது. காலையில் நன்றாக ஓடிய வண்டி அரை மணி நேரத்தில் கட்டுப்பாடின்றி உதைக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் இதனால்தான். சூட்டில் ஆயில் இளகுவதும் சேர்ந்துகொள்ளும்.

தேய்வது எது? ஆயில், சீல், தண்டு நகரும் புஷ், பிஸ்டனைச் சுற்றிய வளையம். எல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள். அலுமினிய உடலும் எஃகுத் தண்டும் ஸ்பிரிங்கும் பல ஆண்டு தாங்கும். தண்டின் பூச்சு உரிந்து குழி விழுந்திருந்தால் மட்டும் விஷயம் வேறு. அந்தத் தண்டில் எத்தனை புது சீல் போட்டாலும் கிழிந்துவிடும். தண்டையே மாற்ற வேண்டும்.

ஒய்எஃப்இசட்450ஆர்-இல் வருவது கேஒய்பி, டிஆர்எக்ஸ்450ஆர்-இல் ஷோவா. இரண்டும் ஜப்பானில் மோட்டோகிராஸ் (தாவல்கள் நிறைந்த மண் களப் பந்தயம்) பைக்குகளுக்கு ஷாக் செய்யும் கம்பெனிகள். இவற்றை மட்டமான சாமான் என்று சொல்ல முடியாது. அதே சமயம் எல்லாக் கம்பெனி ஷாக்கும் இந்தத் தரத்தில் இருக்காது. யமஹா ராப்டர் 700-இன் சாதாரண மாடலில் ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கம், மட்டுமே மாற்றலாம். ஆர் மாடலில்தான் கம்ப்ரெஷனும் ரீபவுண்டும் உண்டு. சின்ன, விலை குறைந்த குவாட்களில் ஷாக்கை மடித்து மூடியே அனுப்பியிருப்பார்கள், திறக்கவே வழியிருக்காது. அப்படிப்பட்டவற்றுக்கு ரீபில்டு பேச்சே கிடையாது.

பணத்தை எடுப்பதற்கு முன்

முதலில் டயர் காற்று. ஸ்போர்ட் குவாட் டயரில் 4 முதல் 6 பிஎஸ்ஐ அளவே காற்று இருக்க வேண்டும். காரில் அடிக்கிற பழக்கத்தில் 15, 20 என்று ஏற்றிவிட்டு, வண்டி கல்லுபோல இருக்கிறது என்று ஷாக்கைத் திட்டுபவர்கள் உண்டு. பெட்ரோல் பங்க் மீட்டர் இந்தச் சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்த மீட்டர் ஒன்று வாங்குங்கள்.

அடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட், ஏ-ஆர்ம் (முன்சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) புஷ், சக்கர பேரிங் இவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. பின்னால் ஸ்விங்ஆர்ம் (பின் அச்சைத் தாங்கும் கை) பேரிங்கையும், அதை ஷாக்கோடு இணைக்கும் லிங்கேஜ் பேரிங்குகளையும் பாருங்கள். சேற்றில் ஓடிய வண்டியில் லிங்கேஜ் பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தால், எந்த விலையுயர்ந்த ஷாக்கும் அங்கே வேலை செய்யாது.

பிறகு ஷாக். தண்டில் ஆயில் ஈரம் தெரிகிறதா? பின்பக்கத்தை அழுத்தி விட்டால் துள்ளி எழுகிறதா, அடங்கி எழுகிறதா? ரீபவுண்டு திருகை முழுக்க மூடியும் முழுக்கத் திறந்தும் அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி எழுந்தால் உள்ளே ஆயிலும் வாயுவும் வேலையை விட்டுவிட்டன. திருப்புவதற்கு முன், மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக்கில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எடையும் ஸ்பிரிங்கும்

கம்பெனி ஒரு நடுத்தர எடையை மனத்தில் வைத்து ஸ்பிரிங் போட்டு அனுப்புகிறது. அறுபது கிலோக்காரருக்கும் நூற்றுப் பத்து கிலோக்காரருக்கும் அதே ஸ்பிரிங் பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு அளவு நாடா போதும், பார்த்துவிடலாம்.

ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு உட்காரும்போது வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதே கேள்வி. மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் சரி. ஒய்எஃப்இசட்450ஆர்-இல் முன்சக்கரம் மேலும் கீழும் மொத்தம் 250 மி.மீ. அசையும், பின்சக்கரம் 280 மி.மீ. ஆக நீங்கள் உட்கார்ந்ததும் பின்பக்கம் 70 முதல் 90 மி.மீ.க்குள் இறங்க வேண்டும். வண்டியைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் அச்சுக்கும் அதற்கு நேர் மேலே உள்ள ஒரு புள்ளிக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். பிறகு இறக்கி, ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

முன்பக்கம் அளக்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. தூக்கி இறக்கிய குவாட்டின் முன்சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் விரிய மறுக்கும். வண்டி உண்மையில் இருக்க வேண்டியதைவிட உயரமாக நிற்கும். சில அடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அளவு முழுக்கப் பொய்.

இறக்கம் அதிகமாக இருந்தால் ப்ரீலோட் வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை இறுக்கலாம். அதனால் வண்டி உயரும், ஸ்பிரிங் விறைக்காது. இந்த வித்தியாசம் புரியாமல் கடைசிப் புரிவரை இறுக்கிவிட்டு, "இன்னும் அடிக்கிறதே" என்று கேட்பவர்கள் நிறைய. அவ்வளவு இறுக்கித்தான் சரியான உயரம் கிடைக்கிறது என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பலவீனம். வேறு ஸ்பிரிங் வேண்டும்.

சில ஷாக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் இருக்கும். அங்கே கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. அங்குலத்துக்கு 100 பவுண்டு ஸ்பிரிங்கும் 200 பவுண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 300 ஆகாது. ஏறக்குறைய 67 பவுண்டுதான் ஆகும், இரண்டும் ஒரே சமயத்தில் அழுந்துவதால். சின்ன மேடுகளில் அந்த மென்மை கிடைக்கும். குறிப்பிட்ட தூரம் அழுந்தியதும் நடுவிலுள்ள வளையம் மென்மையான ஸ்பிரிங்கைத் தடுத்து நிறுத்தும். அதற்கு மேல் 200 பவுண்டு ஸ்பிரிங் மட்டும் வேலை செய்யும். தாவி இறங்கும்போது அதுதான் காப்பாற்றுகிறது. எந்த இடத்தில் இந்த மாற்றம் நடக்க வேண்டும் என்பதைக் கடைக்காரரால் உங்களுக்கேற்ப வைக்க முடியும்.

எனவே ரீபில்டு என்று ஒரே சொல்லைச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஆயிலும் சீலும் மாற்றினால், ஷாக் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். அதோடு உங்கள் எடைக்கும் ஓட்டும் இடத்துக்கும் ஏற்ற ஸ்பிரிங் போட்டு, ஷிம் அடுக்கையும் மாற்றினால் அது உங்களுக்கென்றே செய்த ஷாக் ஆகிவிடும். கலிபோர்னியாவின் ரேஸ் டெக் போன்ற கம்பெனிகள் பிஸ்டனையே மாற்றும் கிட் விற்கின்றன. முதல் வகையோடு நிறுத்திக்கொண்டு "ரீபில்டு செய்தும் பெரிய வித்தியாசம் இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எப்போது ஆஃப்டர்மார்க்கெட்

கனடாவின் எல்கா, அமெரிக்காவின் ஃபாக்ஸ், சுவீடனின் ஓலின்ஸ் என்று பேர்பெற்ற கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றின் ஷாக்கில் பொதுவாக ஆயில் அதிகம், தண்டு தடிமன், திருத்தும் வசதி கூடுதல். ஆர்டர் கொடுக்கும்போதே உங்கள் எடையைக் கேட்டு அதற்கேற்ப அமைத்து அனுப்புவார்கள். அந்த ஷாக் மேல் விழும் பாராட்டில் பாதி இந்த ஒரு காரியத்துக்குச் சேர வேண்டியது.

ஆனால் ரீபில்டால் ஒருபோதும் தர முடியாதது ஒன்று உண்டு. அது வண்டியின் அகலமும் ஆர்மின் அமைப்பும். மோட்டோகிராஸ் ஓட்டுபவர்களுக்கு அகலமான, தாழ்ந்த வண்டி வேண்டும். வளைவில் கவிழாமல் நிற்க அதுதான் உதவும். டென்னசி மாநிலத்தில் ஹரிக்கேன் மில்ஸ் பண்ணையில் நடக்கும் தேசியப் போட்டியில் நிற்கும் வண்டிகள் 50 அங்குல அகலத்தை ஒட்டியே இருக்கும். பழைய ஒய்எஃப்இசட்450-இன் அகலம் 46 அங்குலம்தான். அதற்கு நீளமான ஏ-ஆர்ம் வாங்கி, பின்னால் நீளமான ஆக்ஸில் போடுகிறார்கள். புதிய ஆர் மாடல் தொழிற்சாலையிலிருந்தே 48.8 அங்குலம், ஆகவே அதை வைத்திருப்பவருக்கு வெறும் அகலத்துக்காகச் செலவழிக்க அவசியம் குறைவு.

ஆர்மை மாற்றுபவர்கள் அடிக்கடி செய்யும் காரியம், ஆர்மை மட்டும் வாங்கிவிட்டு ஷாக்குக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. ஆர்ம் ஒரு கடப்பாறை மாதிரி: நீளம் கூடக்கூட மறுமுனையில் பளு கூடும். எளிய எண்ணில் பார்ப்போம். ஆர்மின் உள்முனையிலிருந்து ஷாக் பூட்டிய இடம் 250 மி.மீ., சக்கரம் 400 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 0.625. சக்கரத்தில் உணரும் விறைப்பு இந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அது 0.39. ஷாக் இடத்தை மாற்றாமல் ஆர்மை 2 அங்குலம், அதாவது 50 மி.மீ. நீட்டினால் விகிதம் 0.556, வர்க்கம் 0.31. ஸ்பிரிங்கைத் தொடாமலேயே விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நேற்றுவரை சரியாக இருந்த வண்டி இன்று தரையில் அடிக்கும். ஆர்ம் மாறினால் ஸ்பிரிங்கும் ஷிம் அடுக்கும் மாறியே தீர வேண்டும். கைப்பிடியின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடும் முன் பிரேக் ஹோஸும் நீள வேண்டும். விளம்பரத்தில் 'பிளஸ் 2 பிளஸ் 1' என்று பார்த்தால், ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் அகலம், 1 அங்குலம் முன்னே என்று பொருள்.

'லாங் டிராவல்' என்று விற்கப்படும் செட் இன்னொரு படி மேல். அதில் ஷாக்கே நீளமானது, பூட்டும் இடமும் வேறு. வண்டி தாழ்ந்து நிற்கும்போதும் சக்கரம் கீழ்நோக்கி நிறையத் தொங்க முடியும். கம்பெனி ஷாக்கை அந்த ஆர்மில் போட முடியாது. அந்த ஷாக்கைக் கம்பெனி ஆர்மிலும் போட முடியாது. வாங்கினால் மொத்தமாகத்தான். பெரிய டபுள் ஜம்ப் (ஒரே தாவலில் தாண்டும் இரட்டை மேடு) உள்ள களத்தில் பந்தயம் ஓட்டுபவருக்கு இது நியாயமான செலவு. வார இறுதியில் ஓட்டுபவருக்கு வீண் என்பேன்.

காட்டுப்பாதை என்றால் கணக்கு தலைகீழ். அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் நடக்கும் ஜிஎன்சிசி போட்டிகளில் இரண்டு மணி நேரம் வேரிலும் கல்லிலும் மரங்களுக்கு நடுவே போக வேண்டும். அங்கே அகலம் எதிரி, மரத்தில் இடிக்கும். யமஹாவே 2010-இல் ஒய்எஃப்இசட்450எக்ஸ் என்று காட்டுக்காக 46 அங்குல மாடலை விற்றது. இந்த ஓட்டத்துக்குக் கம்பெனி ஆர்மும், மென்மையாக ஷிம் மாற்றி ரீபில்டு செய்த ஷாக்கும் அருமையாகப் பொருந்தும். கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் ஓட்டுபவர்களும், ஷார்ஜாவின் பதாயர் மணலில் ராப்டர் ஓட்டும் நம்மவர்களும் இடைப்பட்ட இடத்தில் இருக்கிறார்கள். வரிசையாக மேடு மேடாக வரும் மணலில் ஷாக் ஓயாமல் உழைத்துச் சூடேறும். சாதாரண ஓட்டத்துக்கு நல்ல ஆயிலும் சரியான வாயு அழுத்தமும் போதும். முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுபவருக்கு அதிக ஆயில் கொள்ளும் பெரிய ஷாக் தேவைப்படலாம்.

செலவைப் பொறுத்தவரை, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று ஷாக்கையும் ஸ்பிரிங்கோடு ரீபில்டு செய்வது சில நூறு டாலர் விவகாரம்; ஆர்ம், ஷாக், ஆக்ஸில் என்று முழு செட் போட்டால் ஆயிரங்கள். பழைய வண்டியின் விலையையே அது தொட்டுவிடும், விற்கும்போது அந்தப் பணம் முழுதாகத் திரும்பி வராது. இன்னொன்று: ஆஃப்டர்மார்க்கெட் ஷாக்குக்கும் ஆயில் மாற்ற வேண்டும். வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று இல்லை.

பழைய ஆஃப்டர்மார்க்கெட் என்ற சபலம்

பாதி விலையில் எல்கா என்று விளம்பரம் பார்த்தால் கை அரிக்கும். அந்த ஷாக் எந்த மாடலுக்கு, எந்த நீள ஆர்முக்கு, எத்தனை கிலோ ஆளுக்குச் செய்தது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அதை வாங்கி, ஸ்பிரிங் மாற்றி, ஷிம் மாற்றி, சீல் மாற்றினால் மொத்தச் செலவு என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். கம்பெனி மூடப்பட்ட பழைய பிராண்டு என்றால் சீல் கிடைப்பதே திண்டாட்டம். கேஒய்பி, ஷோவா ஷாக்குகளுக்கு உதிரிபாகம் கிடைப்பது ஒப்பீட்டளவில் சுலபம்.

வீட்டிலேயே ரீபில்டு செய்யலாமா என்று கேட்பார்கள். ஸ்பிரிங்கைக் கழற்றுவதும் புஷ் மாற்றுவதும் கைவேலை தெரிந்தவருக்குச் சாத்தியம். உள்ளே திறப்பது வேறு கதை. வாயுவை வால்வு வழியே முழுதாக வெளியேற்றாமல் மூடியைக் கழற்றினால் அது முகத்தில் பாயும். திரும்பப் பூட்டும்போது ஆயிலில் ஒரு குமிழிகூட இல்லாமல் காற்றை வெளியேற்ற வேண்டும், மிதக்கும் பிஸ்டனைச் சரியான ஆழத்தில் நிறுத்த வேண்டும், பிறகு நைட்ரஜன் ஏற்ற வேண்டும். பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று அதை இணைத்துவிடாதீர்கள். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். முதல் முறை கடையில் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

கடைக்கு அனுப்பும்போது ஷாக்கோடு ஒரு காகிதமும் வையுங்கள். கவசத்தோடு உங்கள் எடை, வண்டியின் மாடலும் ஆண்டும், ஏ-ஆர்ம் கம்பெனியுடையதா நீளமானதா, பின் ஆக்ஸில் அகலம், ஓட்டுவது காடா மணலா களமா, இப்போதைய கிளிக்கர் எண்ணிக்கை, இப்போது என்ன தொல்லை என்பதையெல்லாம் எழுதுங்கள். "தாவி இறங்கினால் பின்பக்கம் தரையில் அடிக்கிறது, தொடர் மேடுகளில் இடது வலமாக உதைக்கிறது" என்கிற மாதிரி எழுதினால், எந்தத் தகட்டை எடுத்து எதைப் போடுவது என்று அவருக்குப் புரியும். "நல்லா பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் எழுதி அனுப்பினால், அவர் ஒரு நடுத்தர எடையை நினைத்துக்கொண்டு அமைத்துத் தருவார், தொழிற்சாலை செய்தது போலவே.